அதாவுல்லா சாயபு வீட்டு நடுக்கதவு

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு முன்னால் இருப்பது தோல் மண்டித் தெரு. வெளியே நின்று எண்ணினால் வரிசைக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு வீடுகள். உள்ளே போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும், அது வரிசைக்கு ஒன்றாக இரண்டே வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே உள்ள பொதுச்சுவரில், முற்றத்துத் தாழ்வாரத்தை ஒட்டி, ஆள் குனிந்து போகிற உயரத்தில் ஒரு கதவு இருக்கும். நடுக்கதவு என்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் கால் வைப்பதில்லை. முதல் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைத்தால் பதினோராம் வீட்டுக்காரி பத்துக் கதவு குனிந்து நிமிர்ந்து, வழியில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவாள். எதிர் வரிசைப் பெண்களைத்தான் அவர்களுக்குத் தெரியாது. இருபதடி தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ரங்கூனில் இருப்பவர்கள் மாதிரிதான்.

வடக்கு வரிசையில் முதல் வீடு ஆவாரம்பட்டை வியாபாரியுடையது. முன்கூடத்தில் பட்டையை அடுக்கி அடுக்கி, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் சிவப்பு கசியும். நான்காம் வீட்டில் விஷஜுர வருஷம் ஒரே வாரத்தில் நாலு பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குமேல் அது ஆளில்லாமல் கிடந்தது. அப்போதும் அதன் நடுக்கதவுகளை யாரும் அடைக்கவில்லை. பெண்கள் அதன் வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்வார்களாம். போகிறவர்களில் யாராவது ஒருத்தி முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போவாளாம்.

ஆறாவதும் ஏழாவதும் அதாவுல்லா சாயபு கட்டியவை. இந்தக் கதை நடப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பு, தோல் விலை நன்றாக இருந்த காலத்தில், இரண்டு மகன்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கட்டினார். பர்மா தேக்கில் தூண், உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்துப் பாவிய தளம், மழைத்தண்ணீர் விழ முற்றத்தில் கருங்கல் தொட்டி. கட்டியவர் எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர். அவர் மகன் பச்சையப்பன் அப்போதே அப்பனுக்குச் சமமாகக் கரணை பிடித்தவன். பெரிய மகன் அமீர் பாஷாவுக்கு ஆறாம் வீடு, சின்னவர் சர்தார் பாஷாவுக்கு ஏழாம் வீடு. பெரியவருடைய ஒரே மகள் வஹீதாவைச் சின்னவர் மகன் ஷபீ அஹமதுவுக்கே கட்டிவைத்தார்கள். கல்யாணமாகிப் பெண் புகுந்த வீடு போன தூரம் ஒரு நடுக்கதவு. அவள் அம்மா அக்தரி பேகம் அன்றைக்கு அழக்கூட இல்லை, அழ என்ன இருந்தது.

கெட்டது ஒரு ஜன்னலால்.

சர்தார் பாஷாவுக்கு இளைப்பு. தோல் கிடங்கு வாடையும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து பங்குனி, சித்திரையில் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தே தூங்குவார். பெண்டாட்டி விஷஜுரத்தில் போன பிறகு கேட்பாரும் இல்லை. மாடியில் ஒரு அறை எழுப்பி, பாலாற்றுக் காற்று வருகிற கிழக்குப் பக்கமாக ஜன்னல் வைத்தால் தேவலை என்று வைத்தியர் சொன்னார். கிழக்குப் பக்கம் அண்ணன் வீட்டு முற்றம். பெண்கள் தலை துவட்டுகிற, துணி உலர்த்துகிற இடம். மரச் சட்டம் அடித்து மறைக்கிறேன் என்று தம்பி சொன்னார். சட்டத்துக்கு இடுக்கு உண்டு என்றார் அண்ணன். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதனால்தான் சண்டை முடியவில்லை. தம்பி ஜன்னலை வைத்தார். மறுநாள் அண்ணன் நடுக்கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கப் பச்சையப்பனைக் கூப்பிட்டார். அந்த ஜன்னலை வைத்தவனும் இதே பச்சையப்பன்தான்.

"நாளைக்கு யாருக்காவது மனசு எளகி ஒரு ஒதையில ஒடைக்கிறாப்பல கட்டாத" என்றார் அமீர் பாஷா.

"நான் கட்டினா அப்படி இருக்காது பாய்" என்றான் பச்சையப்பன்.

அதில் அவனுக்குக் கர்வம் உண்டு. பத்து நாள் ஊறவைத்த சுண்ணாம்பு, அதற்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும். கடுக்காய்க்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, தோல் பதம்போட வாங்கிய மூட்டை வீட்டிலேயே கிடந்தது. ஒன்றரைக் கல் கனம். பழைய சுவரைக் கொத்திக் கொத்தி அதற்குள் புதுக் கல்லின் நுனியைச் செருகி எழுப்பினான். அவன் பெண்டாட்டி சௌந்தரம் சாந்து எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கம் திரைக்குப் பின்னால் அக்தரி பேகம் நின்றாள், அந்தப் பக்கம் திரைக்குப் பின்னால் வஹீதா நின்றாள். கடைசிக் கல் வைக்கும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. அந்தச் சுவர் வந்த பிறகு வடக்கு வரிசை நடுவில் முறிந்தது. முதல் ஆறு வீடு ஒரு ஊர், பின் ஐந்து வீடு ஒரு ஊர். ஆண்கள் தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போன பிறகு அம்மாவும் மகளும் முற்றத்து மதிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். மதில் பத்தடி உயரம். தெருவுக்குக் கேட்காமல், ஆனால் மதிலைத் தாண்டுகிற அளவுக்கு எவ்வளவு குரல் வேண்டும் என்று இரண்டு பேரும் பழகிவிட்டார்கள்.

தை மாசம் அமீர் பாஷா மாரடைப்பில் இறந்தார். அன்றைக்கு வஹீதா ஆறு மாசம். நாலு பேர் போர்வை பிடித்து மறைத்துத் தெரு வழியாக அப்பா முகம் பார்க்க அழைத்து வந்தார்கள். அக்தரி பேகம் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் பெண் வீட்டைவிட்டு வெளியே வராமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற இருப்பு அது. வளையலைக் கழற்றினாள், வாசனை, பூ, நல்ல துணி எல்லாவற்றையும் விட்டாள். மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் தலைப்பிள்ளை வேண்டாம் என்று சர்தார் பாஷா சொல்லி அனுப்பிவிட்டார். அக்தரிக்கு எதிர்த்துப் பேச ஆள் இல்லை. பேசவேண்டிய ஆள் மண்ணுக்குள் இருந்தார்.

பங்குனி கடைசியில் ஒரு வியாழக்கிழமை விடிகாலை வஹீதாவுக்கு வலி கண்டது. ஷபீ அஹமது தோல் ஏலத்துக்குப் பட்டணம் போயிருந்தான். அந்த வீட்டில் பெண் என்று இருந்தது வேலைக்காரி ஒருத்தி. மருத்துவச்சி கண்ணம்மாள் புழக்கடைச் சந்து வழியாக வந்து சேர்ந்தாள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் அவள். உருதும் அத்துப்படி. அன்று அவர்கள் உருதுவில் பேசினதை எங்களுக்கு எங்கள் பாஷையில் சொன்னவள் அவள்தான்.

காலை பத்து மணி ஆகியும் தலை திரும்பவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஷாப்புப் பக்கமிருந்து ஊறல் குழி வாடை இறங்கி முற்றத்தில் நின்றது. வஹீதா ஒவ்வொரு வலிக்கும் "அம்மீ" என்றாள், மதிலுக்கு இந்தப் பக்கம் அக்தரி "இருக்கேன், இருக்கேன்" என்றாள். பிறகு வஹீதாவின் குரல் மதிலைத் தாண்டவில்லை. அக்தரி மட்டும் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்ணம்மாள் சந்து வழியாக ஓடி வந்தாள்.

"பொண்ணு முக்க மாட்டேங்குது. பயந்து போயி கீது. அம்மா வந்தாத்தான்னு ஒரே அடம். நீங்க வந்து தலைமாட்டுல குந்துனீங்கன்னா போதும்."

"எப்படி வருவேன் கண்ணம்மா?"

"தெருவுல பத்தடி. நான் போர்வை புடிக்கிறேன். ஒரு ஈ காக்கா பாக்காது."

"இத்தாவுல வாசப்படி தாண்டக் கூடாது."

"சந்து வழியா?"

"சந்து மட்டும் வீட்டுக்குள்ளயா இருக்குது?"

"ஏணி வெச்சு மதிலு ஏறலாமா?"

"ஏணி மேல ஏறினா எதிர்வரிசை மாடி பூரா பாக்கும். நீ உங்க முறையில சொல்ற, எங்க முறை உனக்குத் தெரியாது. அவர் போயி ரெண்டரை மாசம்கூட ஆவல. நான் படி தாண்டினேன்னா மேல போன அவர் ரூஹுக்கு இன்னா பதில் சொல்வேன்? நாளைக்கு இந்தப் பொண்ணையே சொல்லுவாங்க, இத்தாவை முறிச்சவ பொண்ணுன்னு."

தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைத்துவிட்டோம் என்று கண்ணம்மாள் நினைத்தாளாம். திரும்பிப் போய்ச் சர்தார் பாஷாவிடம் அக்தரி சொன்னதை அப்படியே சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தெருவில் இறங்கி, அண்ணன் சவம் எடுத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஆறாம் வீட்டு வாசலில் ஏறினார். முன்கூடத்துத் திரைக்கு வெளியே நின்று அண்ணியைக் கூப்பிட்டார். படி ஏறினதிலேயே அவருக்கு இளைத்தது.

"பாபி, பொண்ணு உங்களைக் கூப்பிட ஆரம்பிச்சதுமே, நீங்க வரலாமான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேக்க ஆள் அனுப்பிட்டேன். வாணியம்பாடி மதரசாவுல கூட்டம். மூணு மணி வண்டியில வந்துருவாரு. அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா…"

"மூணு மணி வரைக்கும் வஹீதா தாங்குமா?"

அவர் ஜபமாலையைச் சட்டைப்பையில் போட்டார்.

"இது ரெண்டு வீடு இல்ல" என்றாள் அக்தரி. காலையிலிருந்து மதிலடியில் உட்கார்ந்து அவள் அதைத்தான் யோசித்திருந்தாள். "மாமா ஒரே வீடாத்தான் கட்டினாங்க. நடுவுல வெச்ச சுவர்தான் ரெண்டாக்கிச்சு. சுவரை எடுத்துட்டா நான் இந்தத் தாழ்வாரத்துலேர்ந்து அந்தத் தாழ்வாரத்துக்கு வர்றேன். அது படி தாண்டினதா ஆவுமா? கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

பச்சையப்பன் அன்றைக்குச் சர்தார் பாஷாவின் ஷாப்பிலேயே சுண்ணாம்புக் குழிக்கு விளிம்பு பூசிக்கொண்டிருந்தான். முழங்கால்வரை வெள்ளையோடு வந்து நின்றான். சௌந்தரமும் கூடவே வந்தாள்.

"உங்கப்பன் கட்டின வீடு. அஸ்திவாரம் ஒண்ணா, ரெண்டா? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு" என்றார் சர்தார் பாஷா.

"ஒண்ணுதான் பாய். மூணு மொழ ஆழம், கருங்கல்லு. தெருவுலேர்ந்து சந்து வரைக்கும் ஒரே தோண்டு. நான்தானே கூட நின்னேன். இதோ இந்த உத்தரத்தைப் பாருங்க, இதுக்குத் தலை அந்த வூட்டுல கீது, காலு இந்த வூட்டுல கீது. ரெண்டு வூடுன்னா நடுவுல அறுத்திருப்போம் இல்ல."

சர்தார் பாஷா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தச் சுவர் அவர் அண்ணன் வைத்தது. அதைத் தொட்டால் அண்ணன் வார்த்தையை அவர் இறந்த பிறகு மீறினதாக ஊர் சொல்லும். தொடாவிட்டால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இடி" என்றார். "ஜன்னலையும் நாளைக்கு அடைச்சிரு."

திரைக்குப் பின்னால் அக்தரி அழுதாள். இந்த இடத்தைப் பச்சையப்பன் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவர்கள் எல்லாருக்கும் அந்த நிமிஷம் எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று இருந்திருக்கும். மூன்று வருஷப் பகையை ஒரு மனிதர் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார்.

சூரியன் உச்சியில் இருந்தபோது பச்சையப்பன் உளியை வைத்தான். அந்தப் பக்கம் பிரசவம் என்பதால் ஆறாம் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்துதான் இடிக்க முடியும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் அக்தரி உட்கார்ந்தாள். பூச்சு சுலபமாக உரிந்தது. அதற்குப் பிறகு சுவர் இடம் கொடுக்கவில்லை. கல்லும் சாந்தும் பிரிகிற இடம் தேடினான், இல்லை. கல் உடைந்தது, சாந்து உடையவில்லை. உளியின் முனை மழுங்கி, இன்னொன்று எடுத்தான். கடப்பாரையைப் போட்டுக் குத்தலாம் என்றால், அதிர்ச்சியில் மேலே உத்தரம் அசைந்து அந்தப் பக்கம் படுத்திருக்கிற பெண்மேல் தளம் உதிருமோ என்று பயம். கிள்ளிக் கிள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இன்னும் எவ்ளோ?" என்று ஜமக்காளத்துக்குப் பின்னாலிருந்து கேட்டாள் அக்தரி.

"கொஞ்சம்தாம்மா."

"இதையே சொல்லிக்கினு கீறியே" என்றாள் சௌந்தரம் மெதுவாக.

"எவன் கட்டினானோ பாவி" என்றான் பச்சையப்பன். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி ஒரு கல் முழுசாகக் கழன்றது. அதற்குப் பின்னால் இருந்த அரைக்கல்லை அந்தப் பக்கமாகத் தள்ளினான். ஓட்டை விழுந்தது, முழங்கை போகிற அளவு. கண்ணம்மாளின் முகம் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது.

"பாயை இழுத்துச் சுவரோரம் போடுறேன். அவங்களைக் கையை வுடச் சொல்லு."

பச்சையப்பன் முற்றத்துக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டான். பெண் என்பதால் சௌந்தரம் மட்டும் இருந்தாள். அக்தரி ஜமக்காளத்தை விலக்கிக்கொண்டு வந்து, சுவரில் கன்னத்தை வைத்து, தோள்வரை கையை விட்டாள். அந்தப் பக்கம் அது மகளின் தலைமுடியில் பட்டது. வியர்வையில் நனைந்திருந்தது.

"யாரு?" என்றாள் வஹீதா.

"நான்தான்டீ."

"அம்மீ கையா? சத்தமே இல்லையே."

"வளையலைக் கழட்டிட்டேன் இல்ல, அதான்."

வஹீதா அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் அவள் மூச்சுச் சூடு பட்டதைப் பின்னால் எத்தனையோ நாள் அக்தரி கையை விரித்து விரித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வலி வந்தபோது வஹீதா முக்கினாள். அன்றைக்கு முதல் முறையாக ஒழுங்காக முக்கினாள் என்றாள் கண்ணம்மாள். இரண்டு, மூன்று வலி அப்படிப் போனது. தலை இறங்குகிறது என்று கண்ணம்மாள் சொன்னாள்.

முற்றத்தில் பச்சையப்பன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். வேலை நின்றுவிட்டது. கை உள்ளே இருக்கும்வரை கல்லைத் தொட முடியாது, கையை எடுக்காமல் வழி பெரிதாகாது. யார் சொல்வது? சௌந்தரம்தான் சொன்னாள்.

"அம்மா, கையை எடுத்தீங்கன்னா அவரு மீதியை எடுத்துருவாரு. முழுசாப் போயி பக்கத்துல குந்திக்கலாம்."

"வேணாம்" என்றாள் வஹீதா அந்தப் பக்கமிருந்து. "எடுக்காதீங்க அம்மீ. இதே போதும்."

"கையோட இன்னா போதும்? நான் முழுசா வர்றேன். உன் தலையை மடியில வெச்சுக்கறேன். கொஞ்ச நேரம்டீ."

"போவாதீங்க."

"எங்க போறேன்? இங்கதான் இருக்கேன்."

மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் அவள் கையை வெளியே எடுத்தாள். தோளில் தோல் உரிந்திருந்தது. கல்லும் தூளும் விழும் என்று கண்ணம்மாள் பாயோடு வஹீதாவைத் தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜமக்காளம் மறுபடி தொங்கியது. பச்சையப்பன் ஓடி வந்தான்.

இப்போது வேலை கொஞ்சம் வேகமாக ஓடியது. ஓட்டை விழுந்த பிறகு நெம்புவதற்கு இடம் கிடைத்தது. அவன் கைவிரல் கிழிந்து ரத்தம் சாந்தில் பட்டதை அவன் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும், அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை. சௌந்தரம் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். முன்கூடத்திலிருந்து சர்தார் பாஷா பிரார்த்தனை சொல்வது கேட்டது. ஜமக்காளத்துக்குப் பின்னால் அக்தரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பச்சையப்பன் சுத்தியலை நிறுத்தவில்லை, ஆனால் மனசு லேசாகிவிட்டது. இனி இது பாட்டியும் பேத்தியும் கொஞ்சிக்கொள்ளத் திறக்கிற வழி என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு கண்ணம்மாளின் குரல் மாறியது. "துணி கொண்டா" என்றாள் வேலைக்காரியிடம். "இன்னும் கொண்டா. அது பத்தாது, போர்வையைக் கிழி." கொஞ்சம் பொறுத்து, "நிக்கலையே" என்றாள்.

அக்தரி ஜமக்காளத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். முகம் மூட அவளுக்கு ஞாபகம் இல்லை. பச்சையப்பன் உளியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். வழி இன்னும் ஒரு ஆள் நுழைகிற அளவு ஆகவில்லை. அவள் தலையை விட்டு, ஒரு தோளை விட்டு, பின்னால் சௌந்தரம் தள்ள, உடைந்த கல் உடம்பைக் கிழிக்க உள்ளே போனாள். துணி கிழிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்த சௌந்தரம்தான் சொன்னாள். அக்தரி மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "வந்துட்டேன்" என்றாள். இரண்டு மூன்று முறை அதையே சொன்னாள். கண்ணம்மாள் வஹீதாவின் கண்ணை மூடிவிட்டாள்.

மூன்று மணி வண்டி சரியாக வந்தது. ஹஜ்ரத் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்தார். வயசானவர், சாதுவான மனிதர். அழுகைச் சத்தம் கேட்டுப் படியிலேயே நின்றார். அவர் வந்தது ஆறாம் வீட்டுக்கு. நடையில் உடைந்த கல் குவிந்து கிடந்தது. அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு பச்சையப்பன் வந்தான், வழிவிடுவதற்காகத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அதனால் பேச்சு அவன் காதில் விழுந்தது; அந்தத் தெருவில் வேலை செய்தே வளர்ந்தவனுக்கு அவர்கள் உருது புரியும்.

"இன்னா இது?" என்றார் ஹஜ்ரத்.

சர்தார் பாஷா எல்லாவற்றையும் சொன்னார். இத்தாவைச் சொன்னார், படி தாண்டக் கூடாதென்று பாபி உட்கார்ந்திருந்ததைச் சொன்னார், ஒரே அஸ்திவாரம் என்று கொத்தனார் சாட்சி சொன்னதைச் சொன்னார், சுவரை இடித்ததைச் சொன்னார். கடைசியில், "முறை தப்பாம செஞ்சோம் ஹஜ்ரத். ஆனாலும் பொண்ணு நிக்கல" என்றார்.

ஹஜ்ரத் கல்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி தாண்டக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"இத்தாவுல…"

"பகல்ல, அவசியம்னா, போர்த்திக்கிட்டுப் போகலாம். ராத்திரிக்குத் தன் வீட்டுக்கு வந்து தங்கணும். அவ்வளவுதான் சர்தார். பெத்த பொண்ணு பிரசவத்துல கெடக்கறதைவிட இன்னா அவசியம் வேணும்? பத்தடி நடந்து போயிருக்கலாமே."

சர்தார் பாஷா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். இளைப்பு வந்துவிட்டது. மூச்சு இழுக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டினார், உள்ளே கேட்க வேண்டாம் என்கிற மாதிரி. பச்சையப்பன் தலையில் கூடையோடு நின்றான். இறக்கவும் தோன்றவில்லை, நடக்கவும் தோன்றவில்லை. காலையில் இதையே ஒரு மருத்துவச்சி சொன்னாள் என்பதும், எங்கள் முறை உனக்குத் தெரியாது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்கள் என்பதும் அவனுக்கு அப்போது தெரியாது.

ஹஜ்ரத் வந்த செய்தி உள்ளே எட்டியது. அக்தரி உடைத்த வழியாகவே திரும்பி வந்து, ஜமக்காளத்துக்குப் பின்னால் நின்று கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"ஹஜ்ரத், என் இத்தா முறிஞ்சு போச்சா?"

"இல்லம்மா."

"சுவரை இடிச்சு இந்தப் பக்கம் போனது சரிதானே? நான் படி தாண்டல. வேற வழி இருந்திச்சா சொல்லுங்க."

ஹஜ்ரத் சர்தார் பாஷாவைப் பார்த்தார். சர்தார் பாஷா தரையைப் பார்த்தார். ஓட்டை வழியாகச் சின்னக் குழந்தையின் அழுகை வந்துகொண்டிருந்தது.

"சரிதாம்மா" என்றார் ஹஜ்ரத். "வேற வழி இல்ல. ஒரே வீடுதான். நீங்க ராத்திரியும் பொண்ணு பக்கத்துலயே இருக்கலாம்."

அக்தரி, "அல்லாவுக்கு நன்றி" என்றாள்.

மறுநாள் காலை பட்டணத்திலிருந்து ஷபீ அஹமது வந்த பிறகு அடக்கம் ஆயிற்று. சர்தார் பாஷா மாடி ஜன்னலை அடைக்கச் சொன்னார், பச்சையப்பன் அடைத்தான். இடித்த வழிக்குப் புதிதாகத் தேக்கில் நிலை வைத்தார்கள். வடக்கு வரிசை மறுபடி ஒரே வீடானது. பேத்தி இரண்டு வீட்டிலும் தவழ்ந்து வளர்ந்தது. இளைப்பு அதிகமாகி மூன்றாம் வருஷம் சர்தார் பாஷா போய்ச் சேர்ந்தார், அவர் வாயைத் திறக்கவில்லை. ஹஜ்ரத்தும் திறக்கவில்லை. தூணுக்குப் பின்னால் கேட்டதைப் பச்சையப்பன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகிக் கடைசி நாட்களில்தான் என்னிடம் சொன்னான். அதற்குள் அக்தரி பேகமும் இல்லை.

மகள் போன பிறகு பதினாறு வருஷம் அவள் இருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அந்தச் சுவரைக் காட்டுவாள். சின்னவர் எனக்காகப் பகையை விட்டார், பச்சையப்பன் விரல் கிழிய இடித்தான், அவர்களால்தான் என் பொண்ணு தலையைக் கடைசியில் மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது, மீதி விதி என்பாள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் முதல் தட்டுப் பிரியாணி எங்கள் தெருவுக்குத்தான் வரும், பச்சையப்பன் வீட்டுக்கு, மேலே துணி போட்டு மூடி. மாட்டுக்கறி சாப்பிடமாட்டார்கள் என்று அவனுக்காகத் தனியாக ஆட்டுக்கறியில் செய்திருப்பாள். தட்டு வருகிறது என்று தெரிந்தாலே அவன் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவான். சௌந்தரமும் பிள்ளைகளும்தான் சாப்பிடுவார்கள்.

"உனக்கு எடுத்து வெச்சிருக்கேன், இன்னாத்துக்குய்யா துன்ன மாட்டேங்குற?" என்று வருஷா வருஷம் கேட்பாள் சௌந்தரம்.

"வயிறு சரியில்ல" என்பான்.